இங்கிலீஷ் தெரியாத ஆன்ட்டி

அந்தக் கோடை முழுக்க என் காரின் பின் சீட் காலியாகக் கிடந்தது. மகளை பெல்ட் போட்டு உட்கார வைக்கும் கார் சீட் எதிர் வீட்டுக்காரியின் வேனுக்குப் போய்விட்டிருந்தது. முதல் இரண்டு வாரம் செவ்வாயும் வியாழனும் காலையில் அதைக் கழற்றி அவர் வேனில் மாட்டுவதும், சாயங்காலம் கழற்றி மறுபடி என் காரில் மாட்டுவதுமாக இருந்தேன். டெக்சஸ் வெயிலில் அந்த பெல்ட்டின் பக்கிளைத் தொட்டவர்களுக்குத் தெரியும், காய்ந்த தோசைக்கல்லில் விரல் வைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் அவரே சொன்னார்:

"எதுக்குங்க்கா தெனமும் கழட்டி மாட்டிக்கிட்டு? இங்கியே இருக்கட்டுமுங்க. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நானே கொண்டாந்து மாட்டிக் குடுக்கறேன்."

நல்ல மனசோடு சொன்னதுதான். எனக்குத்தான் யாரோ என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டது போல இருந்தது. "சரி, நல்ல ஐடியா" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். எட்டு மணி மீட்டிங் காத்திருந்தது.

ஏற்பாடு இதுதான். ப்ரீஸ்கூலுக்கு இரண்டு மாதம் விடுமுறை. நான் வீட்டிலிருந்து சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை செய்கிறேன். கணவரின் ஆபீஸ் எங்கள் ஊரான ரிச்சர்ட்சனிலேயே இருந்தாலும் ஏழு மணிக்கு முன் வீடு திரும்ப மாட்டார். எதிர் வீட்டுக்காரி பொள்ளாச்சிப் பக்கம். விசாவினால் வேலைக்குப் போக முடியாதவர். எட்டும் ஆறுமாக இரண்டு பையன்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் மூன்று பிள்ளைகளையும் வெளியே அழைத்துப் போவார். சனிக்கிழமை அதே வேனை வாங்கி நான் மூவரையும் நூலகத்துக்கு அழைத்துப் போவேன். கணக்கு சரிதான். ஆனால் நூலகத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். அவர் அழைத்துப் போன இடத்தில் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். எந்த நாளுக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

எனக்கு மனிதர்களின் பேச்சு மேல் ஒரு பைத்தியம் உண்டு. யார் எதை எப்படிச் சொன்னாலும் போனில் எழுதி வைத்துக்கொள்வேன். இந்தியன் ஸ்டோரில் ஒருவர், "இன்னைக்கு முருங்கைக்கா எடுக்காதீங்க மேடம், பாவம், ப்ளைட்ல அழுதுகிட்டே வந்திருக்கு" என்றார். எழுதினேன். எதிர் வீட்டுக்காரி ஒருநாள் நெற்றியைத் துடைத்தபடி, "நம்மூரு வெயிலு வந்துட்டுப் போயிருமுங்க. இந்த ஊரு வெயிலு சப்பணங்கால் போட்டு உக்காந்துக்குது" என்றார். அதையும் எழுதினேன். அவர் பேச்சுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கும்படி ஆகிவிட்டது.

என்னிடம் ஒரு பக்கம்கூடச் சேராதது என் மகளின் பேச்சுதான். நாலரை வயது. நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். "செல்லம், சாப்பிட வா" என்றால் "ஐ ஆம் நாட் ஹங்க்ரி" என்று பதில் வரும். "செருப்பு எங்கடீ போட்ட?" என்றால் "இட்ஸ் இன் த கராஜ்." இரண்டு வயதில் இப்படி இல்லை. தம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "தண்ணி தானா ஊத்திக்கிச்சு" என்று அவள் கையை விரித்துச் சொன்ன வீடியோ இன்னும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. சென்னையிலிருந்து எல்லாரும் சிரிப்பு பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். ப்ரீஸ்கூல் போனதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. இங்கே எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று பூங்காவில், பிறந்தநாள் விழாவில், கொலு பார்க்கப் போன வீட்டில் என்று ஒவ்வொரு அம்மாவும் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே கதை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மதிய மீட்டிங் ரத்தானது. பிள்ளைகளைத் திகைக்க வைக்கலாம் என்று குல்ஃபி வாங்கிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினேன். உருகிவிடுமோ என்ற பயத்தில் ஏசியின் மொத்தக் காற்றையும் குல்ஃபி பக்கம் திருப்பிவிட்டு, நான் வேர்த்துக்கொண்டே ஓட்டினேன்.

தண்ணீர் பீய்ச்சும் இடத்தைத் தாண்டி ஒரு குளம். கரையில் கூரை போட்ட மேஜை. எதிர் வீட்டுக்காரி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பையன்கள் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அந்தக் குண்டு வாத்து இருக்குல்லங்க, அது என்னையவே பாக்குதுங்க."

"அட, ஆமாங் சாமி. எதுக்குப் பாக்குதாம்?"

"அதுக்குப் பசிக்குதுங்க. ஆனா அதோட அம்மா வேலையா இருக்காங்க. அதனால அது கேக்காம இருக்குது."

"கேட்டா என்னவாம்?"

"கேட்டா, ஒன் மினிட்னு சொல்லுவாங்க."

நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். என் பிள்ளையின் வாயிலிருந்து தமிழ் வாக்கியம் வாக்கியமாக வந்துகொண்டிருந்தது. பொள்ளாச்சித் தமிழ். இழுத்து, மரியாதையோடு, வாத்துக்கும் அம்மாவுக்கும் கதை கட்டி. அந்த வாத்தின் அம்மா யார் என்பது எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும், ஒளிக்காமல் சொல்கிறேன், அது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இவள் யாரிடம் இதைச் சொல்கிறாள் என்பதுதான் வலித்தது.

குல்ஃபிப் பை சரசரத்தது. மகள் திரும்பினாள். முகம் மலர்ந்தது, ஓடி வந்தாள், ஈரத்தோடு என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மம்மி! யூ கேம்! லுக், டக்ஸ்!"

குழாயைத் திருகி மூடினது போல அந்தத் தமிழ் நின்றுபோனது.

பிள்ளைகள் குல்ஃபியோடு ஓடிய பிறகு, சாதாரணமாகக் கேட்பது போல எதிர் வீட்டுக்காரியிடம் கேட்டேன், "அவ தமிழ் பேசறாளே. எப்படிப் பேச வச்சீங்க?"

அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். "பொய் சொல்லிப் போட்டேனுங்க்கா. மொத வாரமே, ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் வராது கண்ணுன்னு சொல்லிட்டேன். பாவம்னு நெனச்சுக்கிட்டா. கடைல பில்லு போடறப்பக் கூட அவதான் எனக்கு எடுத்துச் சொல்றா. நான் எம்.எஸ்ஸி. படிச்சவன்னு அந்தக் கடைக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்குமோ! நீங்க சொல்லிராதீங்க."

"சேச்சே, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றேன்.

அன்றிலிருந்து பார்ப்பதெல்லாம் என்னைக் குத்தியது. மகள் தலையில் இரட்டைப் பின்னல். நான் போட்டால் "இட் ஹர்ட்ஸ்" என்று ஓடுகிறவள். நான் வைத்த உப்புமாவை ஒதுக்கிவிட்டு, அவர் கட்டிக் கொடுத்த தக்காளி சாதத்தை டப்பா வழித்துச் சாப்பிட்டிருந்தாள். நான் மீட்டிங்கில் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அந்த வேன் கிளம்புவதைப் பார்ப்பேன். உள்ளே மகளின் வாய் அசைவது தெரியும். என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்காது.

அந்த வித்தையை நானும் செய்து பார்த்தேன். குளிக்க வைக்கும்போது, "செல்லம், அம்மாவுக்கு இங்கிலீஷ் மறந்து போச்சுடா" என்றேன். சோப்பு நுரைக்குள்ளிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாள் முழுக்க நீ போனில் இங்கிலீஷ்தானே பேசுகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். என் குரலை வேறு செய்து காட்டினாள்: "கேன் எவ்ரிபடி சீ மை ஸ்கிரீன்?" குளியலறைக்கு வெளியே கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அவரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "எங்கேயோ ஒரு இடத்துல பேசறா இல்ல, சந்தோஷப்படேன்" என்றார். சந்தோஷப்பட வேண்டும்தான். எதிர் வீட்டு அடுப்பில் பொங்கும் பாலைப் பார்த்து எவ்வளவு நேரம் சந்தோஷப்பட முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தார். அண்ணி ஊசியைப் பூவில் வைத்துக் குத்துவார். "என் பொண்ணு ஸ்லோகம் சொல்றாடி, கேக்கறியா? உன் பொண்ணு இன்னும் துரைசாணிதானா?"

"அவ பிரமாதமா தமிழ் பேசறா அண்ணி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு விட முடியுமா? போனை மகள் பக்கம் திருப்பினேன். "அந்த வாத்துக் கதையை மாமிக்குச் சொல்லு செல்லம். குண்டு வாத்து இருக்குல்ல, அது."

மகள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் போனோடு பின்னாலேயே போனேன். "நோ. தட்ஸ் ஃபார் ஆன்ட்டி" என்றாள். அது ஆன்ட்டிக்கான கதையாம். போனில் அண்ணி, "விடுடி, கொழந்தைய ஏன் படுத்தற" என்று கருணையோடு சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

போனை அணைத்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் குனிந்து சொன்னேன்: "ஆன்ட்டிக்கு நல்லா இங்கிலீஷ் தெரியும். உன்னைவிட, என்னைவிட நல்லாத் தெரியும். சும்மா உன்கிட்ட விளையாடறாங்க."

அவள் அழவில்லை. "ரியலி?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "ரியலி" என்றேன். அந்த ஒன் மினிட்டைத் தவிர்த்தால், அவளுக்கு நான் இங்கிலீஷில் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. எதிர் வீட்டுக்காரி கதவைத் திறந்து, "வாங்க சாமி. தோசை சாப்ட்டீங்ளா?" என்றார்.

மகள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, தெளிவாக இங்கிலீஷில் கேட்டாள்: உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஏன் சொன்னீர்கள்?

அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு குனிந்து, "தெரியுமுங்க கண்ணு. உங்ககூடப் பேசறப்ப மட்டும் மறந்து போயிருதுங்க" என்றார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவு தானாகச் சறுக்கி மூடியது.

அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தவள் ஆன்ட்டிக்கும் இங்கிலீஷில்தான் "பை" சொன்னாள். இப்போது இருவரும் ஒன்று, எனக்குக் கிடைக்காதது அவருக்கும் இல்லை என்று நினைத்தபடி அன்று இரண்டு கப் காபி குடித்தேன்.

அந்த நிம்மதி வியாழக்கிழமை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இப்போது அவள் வாயில் எங்குமே தமிழ் இல்லை. முன்பு யாருக்கோ என்றாலும் இருந்தது. ஜன்னல் வழியாக வாய் அசைவதையாவது பார்க்க முடிந்தது. இப்போது வேன் கிளம்பும்போது அந்த வாய் மூடியிருந்தது. பின்னலும் வேண்டாம் என்று விட்டாள். தக்காளி சாதம் டப்பாவில் பாதி திரும்பி வந்தது. அதைத் திறந்து பார்த்து நான் ஏன் அழுதேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது எதிர் வீட்டுக்காரி கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். உறையைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து மாட்டியிருந்தார்.

"தர்பூசணி சிந்திருச்சுங்க்கா. கறை போகல, கொஞ்சம் இருக்குது. பாத்துக்குங்க."

அவர் திரும்புவதற்குள் சொல்லிவிட்டேன். "நான்தான் அவகிட்ட சொன்னேன்."

"தெரியுமுங்க" என்றார்.

"கோவம் இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சுங்க." சீட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என்ற பசங்க ரெண்டும் எங்கிட்ட இங்கிலீஷ்தானுங்க்கா. நீங்க பாத்திருப்பீங்க. பெரியவன்கிட்ட நான் பேசுனா, அம்மா, நார்மலாப் பேசுங்கறான். அவியப்பா ஆபீஸ்ல இருந்து வந்தா லேப்டாப்பு. வாரத்துல ரெண்டு நாள் உங்க புள்ள எங்கூட வாயடிச்சா. அந்த ரெண்டு நாளு என்ற வாயி வெட்டியாப் போகல. ஆறு மணிக்கு நீங்க வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறப்பெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்ங்கறீங்க? அப்படிப் பொறாமையா இருக்குமுங்க. இந்த அக்காவுக்கு மட்டும் பொம்பளப் புள்ளயக் குடுத்து, எனக்கு ரெண்டு தடிப்பசங்களக் குடுத்துட்டானேன்னு."

என்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். "எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறா?"

அவர் தயங்கினார். "சொல்லலாமான்னு தெரியலீங்க. ஒருநாள் நானே கேட்டேன், அம்மாகிட்டயும் இதச் சொல்லுங்க கண்ணுன்னு. அதுக்கு அவ சொன்னா: சொன்னா அம்மா போன எடுத்துருவாங்க. அப்புறம் எல்லாரும் சிரிப்பாங்க. மறுக்கா மறுக்காச் சொல்லச் சொல்லுவாங்க."

கையில் போன் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். ஊரார் பேச்சையெல்லாம் பிடித்துப் பிடித்து அதற்குள் போட்டவள் நான். முருங்கைக்காய்க் கடைக்காரர் சொன்னதை அவருக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டேன், அதனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளை பேசியதை மட்டும் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் பிடித்தேன்.

கடைசிச் சனிக்கிழமை நூலகத்தை விட்டுவிட்டு எல்லாரும் குளத்துக்குப் போனோம். கார் சீட்டை அவர் வேனிலேயே மறுபடி மாட்டியவள் நான்தான். வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்று அங்கே பலகை இருப்பதால், ஃப்ரீசரில் இருந்த பச்சைப் பட்டாணியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரி மேஜைக்குப் போய்விட்டார். பையன்கள் தண்ணீருக்கு ஓடினார்கள். நான் கரையில் மகளிடமிருந்து நாலு அடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்தேன், எறும்புப் புற்று இல்லாத இடமாகப் பார்த்து. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் அவள் பட்டாணியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். குண்டு வாத்து பின்தங்கியது.

"வாங்க, வாங்க," என்றாள் அதனிடம். "பயப்படாதீங்க. உங்களுக்குத்தான் வச்சிருக்கேன்."

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "டக்ஸ் டோன்ட் நோ இங்கிலீஷ்" என்று எனக்கு விளக்கினாள். அவை மட்டும் பொய் சொல்லாது என்பது போலிருந்தது அந்தக் குரல். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

குண்டு வாத்தோடு பேச்சு நீண்டது. உன் வீடு எங்கே, உனக்கு யார் தலை பின்னுவது, பள்ளிக்கூடம் திறந்தால் நீ என்ன செய்வாய் என்றெல்லாம். கையிலிருந்த பட்டாணி தீர்ந்தது. திரும்பினாள். வாத்திடம் பேசிய அதே மூச்சில், வண்டி கியர் மாறாமல் ஓடுவது போல, என்னிடம் கேட்டாள்:

"அம்மா, இன்னும் பட்டாணி இருக்குதுங்களா?"

மம்மி இல்லை, அம்மா.

என் கை தானாகப் பைக்குள் போனது. பட்டாணி டப்பாவும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விரல் முதலில் தொட்டது போனைத்தான். அதைப் பையின் அடிக்குத் தள்ளிவிட்டு டப்பாவை எடுத்தேன். அந்த வாக்கியத்துக்கு இன்றைக்கு வரைக்கும் எந்த வீடியோவும் இல்லை. அண்ணி நம்பவும் இல்லை.

மேஜையில் எதிர் வீட்டுக்காரி பேச்சைக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பி, மூடியிருந்த டப்பாக்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த 'ங்களா' அவருடையது. எங்கள் வீட்டில் யாரும் அப்படி இழுத்துப் பேசியதில்லை. என் பிள்ளை எனக்கு மறுபடி நீட்டிய தமிழ் முழுக்க அவர் வீட்டு வாசனை அடித்தது. அது அப்போதும் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

டப்பாவை நீட்டினேன்.

"இருக்குதுங்க" என்றேன்.